டெலீட் செய்த பழைய டீசல் டிரக்: அமெரிக்காவில் வாங்கும் முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

பழைய டீசல் பிக்கப் வாங்கப் போகும் நண்பர்களுடன் துணைக்குப் போவது எனக்குச் சில வருடங்களாக வழக்கமாகிவிட்டது. டிரெய்லர் இழுக்க, தோட்ட வேலைத் தொழிலுக்கு, பண்ணைக்கு என்று ஆளுக்கொரு தேவை. ஆனால் தடுமாறும் இடம் எல்லோருக்கும் ஒன்றுதான். முதலில் ஓட்டிப் பார்க்கிறார்கள், இழுவையில் மயங்குகிறார்கள், முன்பணம் கொடுக்கிறார்கள். வண்டிக்குக் கீழே குனிந்து பார்ப்பது அதற்கு அப்புறம்தான். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

‘டெலீட்’ என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கரித்துகளைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் எஸ்சிஆர், புகையின் ஒரு பகுதியை என்ஜினுக்குத் திருப்பும் இஜிஆர் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, அவை இல்லாததை வண்டியின் கணினி கண்டுகொள்ளாதபடி மென்பொருளையும் மாற்றுவது. இது அபூர்வம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இபிஏ 2020இல் வெளியிட்ட அறிக்கை, இப்படி மாற்றப்பட்ட டீசல் பிக்கப்புகள் 5,50,000க்கும் மேல் என்று மதிப்பிட்டது. இந்தக் கருவிகளோடு வந்த டீசல் பிக்கப்புகளில் அது சுமார் 15 சதவீதம். ஏழு வண்டி பார்த்தால் ஒன்று இப்படி இருக்கலாம்.

என் நிலைப்பாட்டையும் முன்கூட்டியே சொல்கிறேன். டெலீட் வண்டியை அப்படியே ஓட்டுவதற்காக வாங்காதீர்கள். பழையபடி மாற்றிவிடுவேன் என்ற முடிவும், அதற்கான கணக்கும் கையில் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பிள்ளைகள் பள்ளிக்கு நடந்து போகும் தெருவில் அந்தக் கரியைக் கக்கிக்கொண்டு போக எனக்கு மனம் ஒப்பாது. சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

1. முதலில் உங்கள் முகவரிக்கு என்ன விதி என்று பாருங்கள்

வண்டியைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டியது இது. காரணம், ஒரே டிரக் ஒரு மாநிலத்தில் கேள்வியில்லாமல் பதிவாகும், பக்கத்து மாநிலத்தில் நம்பர் பிளேட்டே கிடைக்காது.

கூட்டாட்சிச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒன்று. தூய காற்றுச் சட்டத்தின் 203ஆம் பிரிவு இந்தக் கருவிகளைத் தெரிந்தே கழற்றுவதையும், செயலிழக்கச் செய்வதையும், அதற்கான பாகங்களை விற்பதையும் தடை செய்கிறது. அபராதம் ஒரு வண்டிக்குப் பல ஆயிரம் டாலர் வரை போகலாம். ‘பந்தயத்துக்கு மட்டும்’, ‘ஆஃப்ரோடு மட்டும்’ என்று விற்பவர் எழுதிக் கொடுப்பது, சாலையில் ஓட்டப்போகிற உங்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது.

பரிசோதனைதான் இடத்துக்கு இடம் மாறும். கலிபோர்னியாவில் 1998 மாடலும் அதற்குப் பிந்தையதுமான, மொத்த எடைத் தகுதி 14,000 பவுண்டு வரையிலான டீசல் வண்டிகளுக்கு ஸ்மாக் எனப்படும் புகைப் பரிசோதனை உண்டு. வண்டி கைமாறும்போது அந்தச் சான்றிதழைத் தருவது விற்பவரின் பொறுப்பு. 2021 ஜூலையிலிருந்து கணினியில் உள்ள மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள். டெக்சாஸில் டீசல் வண்டிகளுக்குப் புகைப் பரிசோதனை இல்லை. வாஷிங்டன் மாநிலம் 2020இல் பரிசோதனையையே நிறுத்திவிட்டது. சில மாநிலங்களில் குறிப்பிட்ட கவுன்ட்டிகளில் மட்டும் உண்டு.

இங்கே பலர் செய்யும் தவறு, ‘எங்கள் ஊரில் பரிசோதனை இல்லை, அதனால் பிரச்சினை இல்லை’ என்று முடிவு கட்டுவது. பரிசோதனை இல்லாததும் அனுமதி இருப்பதும் வேறு வேறு. இரண்டு வருடத்தில் வேலை மாறி வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள். நம்மில் பலருக்கு அது நடக்கிற விஷயம்தான்.

2. அந்த மாடலில் தொழிற்சாலையிலேயே என்ன இருந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எது இருந்திருக்க வேண்டும் என்று தெரியாமல் எது இல்லை என்று கண்டுபிடிக்க முடியாது. அமெரிக்காவில் முக்கால் டன், ஒரு டன் பிக்கப்புகளுக்கான பொதுவான கணக்கு இது.

டிபிஎஃப் மூன்று நிறுவனங்களிலும் 2007 நடுவிலிருந்து 2008 மாடலுக்குள் வந்துவிட்டது. அது வந்த என்ஜின்கள்: ஃபோர்டில் 6.4 லிட்டர், ஜிஎம்மில் எல்எம்எம் டியூராமேக்ஸ், ராமில் 6.7 கம்மின்ஸ். எஸ்சிஆருக்காகத் தெளிக்கும் டிஇஎஃப் என்ற யூரியாத் திரவம் ஃபோர்டு, ஜிஎம் இரண்டிலும் 2011 மாடலில் வந்தது. ராம் 2500, 3500 பிக்கப்புகளுக்கு 2013இல்தான் வந்தது.

ஆகவே 2010 ராமில் டிஇஎஃப்பின் நீல மூடி இல்லையே என்று பதற வேண்டாம், அதில் அது எப்போதுமே கிடையாது. 2014 ராமில் அது இல்லை என்றால் யாரோ கைவைத்திருக்கிறார்கள். 2006 டிரக்கில் டிபிஎஃப் இல்லாதது இயல்பு, ஆனால் இஜிஆர் இருக்கலாம். வருடம் ஒன்று தள்ளிப்போனாலே பட்டியல் மாறும். வண்டியின் அடையாள எண்ணான விஐஎன்னை வாங்கி, அந்த நிறுவனத்தின் பாகங்கள் பிரிவில் அந்த வண்டிக்கு உரிய புகைக்குழாய் அமைப்பின் படத்தைக் கேளுங்கள். அதை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போவது பத்து வீடியோ பார்ப்பதைவிடப் பயன்படும்.

3. போனில் கேட்க வேண்டியது, கையோடு எடுத்துப் போக வேண்டியது

போனில் நேரடியாகக் கேளுங்கள்: “வண்டி டெலீட் செய்ததா? கழற்றிய பாகங்கள் உங்களிடம் இருக்கின்றனவா? மென்பொருளை மாற்ற, அதாவது டியூன் செய்ய, பயன்படுத்திய கருவி இருக்கிறதா?” நேர்மையானவர் நேராகவே சொல்லிவிடுவார். ‘நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது’ என்பதும் உண்மையாக இருக்கலாம். ‘அதெல்லாம் எனக்குத் தெரியாது’ என்பவரிடம் போகும்போது முழு நாளையும் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

விளம்பரத்தில் ‘முழுக்கச் சரி செய்தது’, ‘ஐந்து அங்குலப் புகைக்குழாய்’, ‘டிஇஎஃப் தொல்லையே இல்லை’ என்ற சொற்கள் இருந்தால் டெலீட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: பிரகாசமான டார்ச், விரித்துப் படுக்க அட்டை, வெள்ளைத் துணி, சின்னக் கண்ணாடி, வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர், அதற்கான செயலி ஏற்றிய போன். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ராமுக்கு ஆல்ஃபாஓபிடி என்று தனிச் செயலிகள் உண்டு. மலிவான பொது ஸ்கேனரைவிட அவை அதிகம் காட்டும். இன்னொன்று, நீங்கள் போய்ச் சேரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லி வையுங்கள். புகைக்குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும், குளிர்ந்த என்ஜின் எப்படி எழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

4. வண்டிக்குக் கீழே

நேரம் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். அரை மணி நேரம் ஆனாலும் பரவாயில்லை.

முதலில் புகைக்குழாயின் வாய். டிபிஎஃப் ஒழுங்காக வேலை செய்யும் டிரக்கில், லட்சம் மைல் ஓடியிருந்தாலும், உள்ளே விரலில் துணியைச் சுற்றித் துடைத்தால் கொஞ்சம் சாம்பல் நிறம், கொஞ்சம் துரு, அவ்வளவுதான் வரும். ஒருமுறை ஒரு நண்பர் தைரியமாகத் துடைத்துவிட்டுத் துணியைத் திருப்பிக் காட்டினார். அடுப்புக்கரியில் அழுத்தி எடுத்தது போல் கன்னங்கரேல் என்று இருந்தது. அதுவரை விற்பவர் ‘எல்லாம் கம்பெனி ஒரிஜினல்’ என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். கரி இருந்தால் வடிகட்டி இல்லை, அல்லது உடைந்திருக்கிறது. இரண்டுமே செலவுதான்.

அப்புறம் அந்த வாயிலிருந்து முன்னோக்கி, டர்போ வரை கண்ணால் பின்தொடருங்கள். ஒரிஜினல் அமைப்பில் தடித்த உருளைகள் வரும். அவற்றில் வெப்ப சென்சார்கள், அழுத்தம் அளக்கும் மெல்லிய குழாய்கள், எஸ்சிஆர் உள்ள மாடலில் டிஇஎஃப் தெளிக்கும் இன்ஜெக்டர், நைட்ரஜன் ஆக்சைடு சென்சார்கள் எல்லாம் செருகியிருக்கும். உருளைகளே இல்லாமல் ஒரே நேர்க்குழாய் ஓடினால் கதை முடிந்தது, விடை கிடைத்துவிட்டது.

ஏமாற்றுவது எங்கே என்றால், உருளை இருக்கும், உள்ளே இருக்க வேண்டியது இருக்காது. உருளையை வெட்டி, உள்ளிருக்கும் பீங்கான் கட்டியை எடுத்துவிட்டு, மறுபடி வெல்டிங் செய்துவிடுவார்கள். தொழிற்சாலை வெல்டிங் ஒரே சீராக ஓடும். கையால் செய்தது மேடு பள்ளமாக, வேறு நிறத்தில் இருக்கும். உருளையின் மேல்பக்கத்தில்தான் பெரும்பாலும் வெட்டுவார்கள், கீழே படுத்திருப்பவருக்குத் தெரியாது என்று. கண்ணாடி கொண்டுபோகச் சொன்னது அதற்குத்தான். முஷ்டியால் தட்டிப் பாருங்கள். நிறைந்த உருளை மந்தமாக ஒலிக்கும், காலியானது தகரம் போல் கணகணக்கும்.

சட்டகத்தின் ஓரமாக ஓடும் ஒயர்களையும் விடாதீர்கள். எதிலும் செருகாத கனெக்டர்கள், பிளாஸ்டிக் கட்டுப் போட்டு ஓரமாக ஒதுக்கப்பட்டிருப்பது, டேப் சுற்றியிருப்பது எல்லாம் ஒரு சென்சார் இருந்த இடத்தைக் காட்டும். எத்தனை தொங்குகின்றன என்று எண்ணிப் படம் எடுங்கள். பின்னால் செலவுக் கணக்குப் போடும்போது அந்தப் படம் வேண்டும்.

டிஇஎஃப் தொட்டியையும் தேடுங்கள். நீல மூடி மட்டும் அப்படியே இருக்க, கீழே தொட்டியே இல்லாத வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். தொட்டி இருந்தால் மூடியைத் திறந்து பாருங்கள். வெள்ளை உப்பு போல் படிந்து காய்ந்திருந்தால் பல நாளாக யாரும் அதை நிரப்பவில்லை.

5. பானெட்டுக்குள்

இங்கே பார்க்க வேண்டியது இஜிஆர். அதன் குழாய் போக வேண்டிய இடத்தில் பளபளப்பான தட்டு ஒன்றைப் போட்டு அடைத்திருந்தால், அல்லது என்ஜினுக்குப் பொருந்தாத புதிய வளைகுழாய் இருந்தால், அதைக் கழற்றியிருக்கிறார்கள். பானெட்டின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் புகைக் கட்டுப்பாட்டு லேபிளில் அந்த என்ஜினுக்கு உரிய கருவிகளின் சுருக்கக் குறிகள் இருக்கும். அதை உங்கள் பட்டியலோடு ஒப்பிடுங்கள். லேபிள் கிழிக்கப்பட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

6. ஸ்கேனர்: கண் ஏமாந்தாலும் இங்கே பிடிபடும்

ஓட்டுவதற்கு முன் ஒருமுறை, ஓட்டி வந்ததும் ஒருமுறை, இரண்டு தடவை பாருங்கள். முன்னால் பார்ப்பது யாராவது கோளாறுக் குறியீடுகளை அழித்துவிட்டார்களா என்று அறிய. பின்னால் பார்ப்பது சென்சார்கள் உயிரோடு இருக்கின்றனவா என்று அறிய.

முதல் தடவையில் கோளாறுக் குறியீடுகள் இல்லை என்று காட்டினால் மகிழ வேண்டாம். டெலீட் மென்பொருள் செய்வதே அதுதான். அதற்குப் பதில், குறியீடுகள் அழித்த பிறகு ஓடிய தூரத்தைப் பாருங்கள். அது பத்து மைல் என்று இருந்தால் நேற்றோ இன்றோ அழித்திருக்கிறார்கள். அடுத்து ரெடினஸ் மானிட்டர்கள், அதாவது ஒவ்வொரு கருவியையும் கணினி தானே சோதித்து முடித்ததா என்று காட்டும் பட்டியல். டிபிஎஃப், இஜிஆர், நைட்ரஜன் ஆக்சைடு தொடர்பான மானிட்டர்கள் அந்த மாடலில் இருக்க வேண்டியவை என்றால், ‘ஆதரவு இல்லை’ என்று காட்டவே கூடாது. காட்டினால் மென்பொருள் மாற்றப்பட்டது என்பதற்கு அது வலுவான அடையாளம்.

இரண்டாம் தடவை, இருபது நிமிடமாவது ஓட்டி வந்து, நேரடி அளவுகளைப் பாருங்கள். புகைக்குழாயில் உள்ள வெப்ப சென்சார்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு எண் காட்ட வேண்டும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அவை மாற வேண்டும். எல்லாம் ஒரே எண்ணில் அசையாமல் நின்றால் அங்கே சென்சார் இல்லை, அல்லது கணினி அதைக் கேட்கவில்லை. கரியின் அளவு எப்போதும் பூஜ்யம், டிபிஎஃப்பின் முன்பின் அழுத்த வேறுபாடு அழுத்தி மிதித்தாலும் பூஜ்யம் என்றால் உள்ளே காலி. சும்மா நின்று ஓடும்போது அந்த வேறுபாடு இயல்பாகவே மிகக் குறைவு. அதைப் பார்த்துவிட்டுக் காலி என்று முடிவு செய்வது புதியவர்கள் செய்யும் தவறு, மிதித்துத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு நல்ல வழி, கணினியில் உள்ள மென்பொருளின் பதிப்பைக் காட்டும் கேலிப்ரேஷன் எண்ணைப் படித்து, அந்த விஐஎன்னுக்கு நிறுவனம் கொடுத்த எண்ணோடு டீலரிடம் ஒப்பிடச் சொல்வது. கட்டணம் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். அதே நேரத்தில் பழைய சர்வீஸ் பதிவையும் கேளுங்கள். ஒரு பாகம் எந்த வருடம் வரை வண்டியில் இருந்தது என்று அதில் தெரியலாம்.

2017 மாடலிலிருந்து ஜிஎம்மில் வந்த எல்5பி டியூராமேக்ஸ் என்ஜின் உள்ள வண்டி வாங்குவதாக இருந்தால் தனியாக ஒன்று கேளுங்கள். அதன் கணினி பூட்டப்பட்டது என்பதால் டியூன் செய்தவர்கள் பலரும் கணினியையே மாற்றினார்கள். ஒரிஜினல் கணினி எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அதன் விலையையும் கணக்கில் சேருங்கள்.

7. இப்போது ஓட்டிப் பாருங்கள்

டெலீட் வண்டியை ஓட்டினால் பிடிக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். இழுவை அதிகம், மைலேஜும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ஏனென்றால் வடிகட்டியைச் சூடாக்கிக் கரியை எரிக்கும் ரீஜெனுக்குத் தனியாக டீசல் செலவாவதில்லை. விற்பவர் சொல்வதில் அந்த அளவு உண்மை. அந்த இழுவை என்னென்ன தேய்த்திருக்கிறது என்பதைத்தான் நாம் தேட வேண்டும்.

கியர் பெட்டி மாறும்போது வழுக்குகிறதா, சரிவில் ஏறும்போது கூலன்ட் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா, ஆயில் மூடியைத் திறந்தால் புகை பொங்குகிறதா என்று பாருங்கள். ஹைவேயில் ஏறும்போது அழுத்தி மிதித்துப் பின்னாடிக் கண்ணாடியில் பாருங்கள். வடிகட்டி வேலை செய்யும் டிரக்கில் கரும்புகை தெரியவே கூடாது. கண்ணாடியை இறக்கிவிட்டு நின்ற இடத்தில் ஓட விடுங்கள். கேபினுக்குள் டீசல் புகை நெடி வந்தால் எங்கோ இணைப்பு கசிகிறது. அதை அலட்சியம் செய்யாதீர்கள், அந்த கேபினில் உட்காரப்போவது நீங்களும் உங்கள் குடும்பமும்.

8. விலை பேசுவது

கணக்கு எளிது. எல்லாக் கருவியும் உள்ள அதே மாடல் டிரக்கின் சந்தை விலையை எடுங்கள். அதிலிருந்து பழையபடி மாற்றும் முழுச் செலவைக் கழியுங்கள். மெக்கானிக்கிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கிய பிறகே பேசுங்கள். சில ஆயிரம் டாலரில் தொடங்கும், எல்லாம் புதிதாக வாங்க வேண்டும் என்றால் பத்தாயிரத்தைத் தொடும், தாண்டவும் தாண்டும்.

‘ஒரிஜினல் பாகங்கள் கொட்டகையில் இருக்கின்றன’ என்று சொன்னால், போய்ப் பார்க்காமல் விலையைக் குறைத்துக் கேட்பதை நிறுத்தாதீர்கள். டிபிஎஃப்பின் வெளியேறும் பக்கத்தில் டார்ச் அடியுங்கள். நல்ல வடிகட்டியின் அந்த முகம் சுத்தமாக இருக்கும். கரி படிந்திருந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது. மழையில் கிடந்த சென்சார்களை நம்பாதீர்கள், புதிது என்றே கணக்கிடுங்கள். பெட்டியைத் திறந்தால் வெறும் உருளைகள் இருப்பதும் உண்டு. உள்ளே பிளாட்டினம் வகை உலோகங்கள் இருப்பதால் பழைய இரும்புக்காரருக்குப் போயிருக்கும்.

9. எழுத்தில் வாங்க வேண்டியது

விற்பனைச் சீட்டில் எந்தக் கருவி இருக்கிறது, எது இல்லை, எந்தப் பாகங்கள் பெட்டியில் தரப்படுகின்றன என்று வரி வரியாக எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். முன்பணம் கொடுத்தால், பரிசோதனையில் வண்டி தேறாவிட்டால் திரும்பத் தர வேண்டும் என்றும் எழுதுங்கள். ‘உள்ளது உள்ளபடி’ என்ற ஒரே வரியில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் கேட்க வழியில்லை. டியூனர் கருவியையும் கேட்டு வாங்குங்கள். அது பெரும்பாலும் அந்த வண்டியின் விஐஎன்னோடு பூட்டப்பட்டிருக்கும், ஒரிஜினல் மென்பொருளின் பிரதியும் அதற்குள்ளேயே இருக்கலாம்.

10. வாங்கிய பிறகு பழையபடி மாற்றும் வரிசை

முதலில் என்ஜின். ஒழுகும் இன்ஜெக்டர், ஆயில் கசியும் டர்போ, கசியும் இஜிஆர் கூலர் எதுவானாலும் இப்போதே சரி செய்யுங்கள். ஆயிலும் கூலன்ட்டும் புது வடிகட்டிக்குள் போனால், போட்ட பணம் சில வாரத்தில் வீண். என்ஜின் ஆயிலையும் மாற்றுங்கள். டெலீட் செய்தவர்கள் சிலர் சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றுகிறார்கள், அந்தச் சாம்பல் ரீஜெனில் எரியாது, வடிகட்டியிலேயே தங்கிவிடும். கையேடு சொல்லும் தரத்தையே வாங்குங்கள், பெரும்பாலும் சிகே-4.

இரண்டாவது இஜிஆர், உருளைகள், சென்சார்கள், ஒயர்கள். டிஇஎஃப் தொட்டியில் பழைய திரவம் இருந்தால் முழுக்கக் காலி செய்து கழுவிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். அது 32.5 சதவீத யூரியாக் கரைசல், வெயிலில் நாள்பட்டால் கெட்டுவிடும்.

மூன்றாவதுதான் ஒரிஜினல் மென்பொருள். இந்த வரிசையை மாற்றியவர்கள் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். பாகங்கள் இல்லாத வண்டியில் ஒரிஜினல் மென்பொருளை ஏற்றினால் கணினி உடனே தேட ஆரம்பிக்கும், எதுவும் கிடைக்காமல் சக்தியைக் குறைக்கும், வேகத்தைக் கட்டும். பட்டறை வரைக்கும் ஓட்டிப் போகக்கூட முடியாமல் டோ டிரக் கூப்பிட வேண்டி வரும்.

நான்காவது, டிபிஎஃப் மாற்றியதைக் கணினிக்குச் சொல்லிப் பழைய கரி, சாம்பல் கணக்கைப் பூஜ்யமாக்குவது. இதை மறந்தால் புது வடிகட்டி நிறைந்துவிட்டதாக நினைத்து அடிக்கடி ரீஜென் செய்துகொண்டே இருக்கும்.

கடைசியாக ஓட்டுங்கள். ஊருக்குள் கொஞ்சம், ஹைவேயில் நிறைய, இடையில் முழுக்கக் குளிர விட்டு மறுபடி ஸ்டார்ட். எல்லா மானிட்டரும் ‘ரெடி’ ஆக சில நாட்கள் ஆகலாம், அதுவரை குறியீடுகளை அழிக்காதீர்கள், அழித்தால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். முதல் ரீஜென் நடக்கும்போது புகைக்குழாய் மிகவும் சூடாகும், உள்ளே சுமார் 600 டிகிரி செல்சியஸ். அந்த நேரத்தில் காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். மானிட்டர்கள் ரெடி ஆனதும் அந்தத் திரையைப் படம் எடுத்து, பாகங்களின் ரசீதுகளோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். நாளைக்கு வண்டியை விற்கும்போது உங்கள் முன் நிற்பவரும் குனிந்து பார்ப்பார், அவரிடம் கொடுக்க அந்த உறை வேண்டும்.